கச்சான் காற்றிலும் பூமேசை: கல்லடி டீச்சர் பதில்கள்

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். வெளிநாட்டுக்காரர் வாறாங்க, கூடப் படிச்ச கூட்டாளிமார் கூடுறாங்க, வீட்டில் சாப்பாடு, மேசையை எப்படி வடிவாக்குறது? வந்தவற்றில் பூ சம்பந்தமான கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறேன். கறிபுளிக் கேள்விகள் அடுத்த இதழில் வரும். கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

டீச்சர், எங்களோட படிச்ச ஆறு பேர் ஆகஸ்டில ஒரு சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வாறாங்க. ரெண்டு பேர் கனடா, ஒராள் சுவிஸ். போனில பார்த்த மாதிரி மேசை முழுக்க ரோசாப்பூ வைக்க ஆசை. நுவரெலியாவில இருந்து எடுப்பிச்சுத் தரலாம் எண்டு கடைக்காரர் சொல்றார். எடுக்கட்டா?
*வாசகி, களுவாஞ்சிக்குடி*

எடுக்காதீங்க மகள். குளிரில் வளர்ந்த பூவை வேனில் ஏற்றி, மலை இறக்கி, நம்மட ஆகஸ்ட் வெயிலுக்குள் கொண்டுவந்து இறக்கினால் அது என்ன செய்யும்? தென்மேல் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு, காய்ந்து, சூடேறி இறங்குகிறது. அதுதான் நம்மட கச்சான். ரோசா இதழ் அந்தக் காற்றில் விளிம்பிலிருந்து கருகத் தொடங்கும். கார்னேஷன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ரோசா, நீங்கள் சோறு போடுகிற நேரம் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

இன்னொன்றும் யோசியுங்க. கனடாவில் இருந்து வருகிற பிள்ளைக்கு ரோசாப்பூ என்ன புதினம்? அங்கே சாமான் வாங்குகிற கடை வாசலிலேயே வாளி வாளியாக நிற்கும். அவள் பார்க்காதது உங்கள் வேலிச் செவ்வரத்தையை. மதில் தாண்டித் தொங்குகிற காகிதப்பூவை. அந்தக் காசுக்கு நல்ல கொடுவா மீன் ஒன்று வாங்குங்க.

வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்க. இந்த வெயிலில் எது சிரித்துக்கொண்டு நிற்கிறதோ அதுதான் மேசைக்கு. வாடாமல்லிகை, கோழிக்கொண்டை, மஞ்சள் செவ்வந்தி, சீனியா, எக்ஸோரா, குரோட்டன் இலை. இவை வெட்டிய பிறகும் பிடிவாதக்காரப் பூக்கள். தண்ணீரில் நின்றால் இரண்டு மூன்று நாளைக்கு அசையாது. செவ்வரத்தை ஒரு நாள் பூ. தண்ணீரில் வைத்தாலும் பின்னேரம் சுருங்கும், வைக்காவிட்டாலும் பின்னேரம் சுருங்கும். ஆனபடியால் அதைத் தண்ணீர் இல்லாமலே விரிப்பின் மேல், ஒவ்வொரு பீங்கானுக்கும் பக்கத்தில் ஒன்றாக வைக்கலாம். பகல் விருந்துக்கு அதைவிடச் சுகமான பூ கிடையாது.

காகிதப்பூவுக்கு மட்டும் கொஞ்சம் உபசாரம் வேண்டும். வெட்டின கையோடு வாடிவிடும் என்று எல்லாரும் அதைக் கைவிடுகிறார்கள். முதல்நாள் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு கொப்புகளை வெட்டுங்க. பச்சை இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்க; தண்ணீரைக் குடிக்கிறது அதுதான். பிறகு கொப்பைத் தலை முதல் கால் வரை ஒரு வாளித் தண்ணீருக்குள் தாழ்த்தி, இரண்டு மணித்தியாலம் அப்படியே விடுங்க. எடுத்து உதறி, காம்பின் அடியைச் சாய்வாக இன்னொருமுறை வெட்டி, ஒரு போத்தலில் தண்ணீர் விட்டுக் குத்தி, காற்றுப்படாத அறை மூலையில் விடியுமட்டும் வையுங்க. அடுத்த நாள் பகல் முழுக்க நிற்கும்.

சாடிக்கு அலைய வேண்டாம். சிரட்டை இருக்கிறதே. நன்றாகச் சுரண்டி, அடியில் ஈர மணல் போட்டு, மேலே தண்ணீர் விட்டு, அதில் குட்டையாக வெட்டின பூக்களைக் குத்துங்க. உருளாமல் இருக்க வைக்கோலைத் திரித்து ஒரு வளையம் செய்து கீழே வைத்தால் போதும். மணல் பாரம், கச்சானுக்கு அது வேண்டும். நெடிய கண்ணாடிச் சாடியைத் திறந்த விறாந்தையில் வைத்தீர்களோ, முதல் வீச்சிலேயே தண்ணீரும் பூவும் சொதிக்குள். பூவிதழைப் பிய்த்து மேசையில் தூவுகிறதும் அப்படித்தான். படத்தில் வடிவு, இங்கே அது பறந்து தயிர்ச்சட்டிக்குள் போகும்.

உயரம் ஒரு சாண். அதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முகம் பார்க்க வருகிறவர்கள் பூவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கதைக்கக் கூடாது. மேசை நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சிரட்டைகளை வளைந்து நெளிந்து விடுங்க, பட்டாளம் மாதிரி வரிசையாக அல்ல. கறிச்சட்டிகள் எல்லாவற்றையும் பக்க மேசைக்கு மாற்றுங்க. நம்மட சாப்பாட்டில் எட்டுக் கறி இருக்கும். எட்டுக் கறியும் பூவும் ஒரே மேசையில் சண்டை பிடிக்கும், வெல்லுவது கறிதான்.

விரிப்புக்கு மருதமுனைக் கைத்தறித் துணி எடுங்க. ஒரே நிறம், அல்லது மெல்லிய கோடு. பூப்போட்ட சீட்டித் துணியின் மேல் பூ வைத்தால் எது துணி, எது பூ என்று தெரியாது. பகல் வெளிச்சம் நம்மட பக்கம் சுண்ணாம்பு மாதிரி. இளம் ரோசா, இளநீலம் எல்லாம் அதில் வெளுத்துப் போகும். கடுஞ்சிவப்பு, செம்மஞ்சள், ஊதா, இவைதான் பகலில் நிற்கும். அதோடு மஞ்சள் சோறு, பீட்ரூட் கறி, பொன்னாங்காணிச் சுண்டல், வெட்டி அடுக்கின வத்தகப்பழம் எல்லாம் வந்து இறங்கும்போது அவையும் நிறம்தானே. அதற்கும் இடம் விட்டு வையுங்க.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீங்க. மல்லிகையைச் சாப்பாட்டு மேசையில் வைக்க ஒண்ணா. மீன் வாசமும் மல்லிகை வாசமும் சேர்ந்தால் இரண்டுமே கெடும். அதைக் கை கழுவுகிற இடத்தில் ஒரு கிண்ணத்தில் வையுங்க. வருகிறவர்களுக்குத் தலையில் வைக்கக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எங்கட வேலியில ரோசா நிற அலரி கொத்துக் கொத்தாப் பூத்துக் கிடக்கு. வெயிலுக்கும் வாடுதில்ல. பிள்ளைகளோட ரெண்டு குடும்பம் வருது. அதை மேசைக்கு வெட்டலாமா?
*ஒரு தாய், செங்கலடி*

வெட்டக் கூடாது. அலரியின் இலை, பூ, காம்பு, பால், விதை அத்தனையும் நஞ்சு. இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. மஞ்சள் அலரி இன்னும் மோசம். காம்பு நின்ற தண்ணீரும் ஆகாது. சின்னப் பிள்ளை இருக்கிற மேசையில் அந்தக் கொத்து வேண்டவே வேண்டாம். கார்த்திகைப்பூவும் இதே கணக்கு. அது மாரியில் பூக்கிறது என்பதால் இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. மணல் வளவெல்லாம் நிற்கிற பட்டிப்பூவைச் சாடியில் வைக்கலாம், ஆனால் சாப்பாட்டின் மேல் தூவ வேண்டாம்.

சாப்பாட்டைத் தொடுகிற இடத்தில் பூ வேண்டுமென்றால் செவ்வரத்தை, சங்குப்பூ, அகத்திப்பூ, இவை சாப்பிடுகிற பூக்கள். அதுவும் மருந்து அடிக்காத உங்கள் சொந்த வளவுப் பூ. கடைப் பூவைக் கேக்கின் மேல் வைக்கிற பழக்கம் இப்போது பரவுகிறது. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நாங்க பெருநாளைக்குப் பிறகு கூட்டாளிமாரைக் கூப்பிட்டு, ஒரே பெரிய தட்டைச் சுத்தி இருந்து தின்னுற சஹன் சாப்பாடு குடுக்கிற. பாய்லதான் இருப்பம். மேசையே இல்லாத வீட்டுக்குப் பூ எங்க வைக்கிற?
*வாசகி, சாய்ந்தமருது*

வ அலைக்கும் ஸலாம் மகள். நல்ல கேள்வி. சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்கிற இடத்தில் பூவுக்கு வேலை இல்லை. நடுவில் சஹன், அதுதான் அந்தச் சபையின் பூ. அதன் பக்கத்தில் நீங்கள் எதை வைத்தாலும் யாரோ ஒருவருடைய முழங்கை அதைத் தட்டும்.

பாயைப் பாருங்க. சாயம் போட்டுக் கோலம் வைத்துப் பின்னின பன்பாய் வீட்டில் இருந்தால் வெள்ளைத் துணி போட்டு அதை மூடிவிடாதீங்க. சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக அந்தப் பாயே போதிய அலங்காரம். பூவை மூன்று இடத்துக்குக் கொண்டுபோங்க: செருப்பு கழற்றுகிற வாசலில் ஒரு பெரிய மண்பானையில் காகிதப்பூ, சுவரோரம், முதுகுக்குப் பின்னால், தாழ்வான சட்டிகளில் குரோட்டன் இலையும் எக்ஸோராவும், கை கழுவத் தண்ணீர் கொண்டுவருகிற தட்டில் ஒரு செவ்வரத்தை. நிலத்தில் இருக்கிறவரின் கண் தாழ்வாக இருக்கும். ஆகவே சுவரில் மேலே தொங்கவிடுகிறது எல்லாம் வீண். அத்தர் பூசின வீட்டுக்கு மணப்பூவும் வேண்டாம்.

சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் வருகிறபோது மட்டும், அந்தத் தட்டில் கொஞ்சம் நிறம் சேர்க்கலாம். பழுப்பு நிறத்து வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அகத்திப்பூ போதும்.

பிளாஸ்டிக் பூ வைத்தால் வருஷம் முழுக்கப் பாவிக்கலாமே?
*வாசகர், மட்டக்களப்பு நகர்*

வைக்கலாம். தூசி தட்டுகிறவர் நீங்கள் என்றால்.

ராவில முத்தத்தில மேசை போட்டுப் பத்துப் பேருக்குச் சாப்பாடு வைக்கப் போறம். குளத்தில அல்லியும் தாமரையும் நிறையக் கிடக்கு. அதை வைச்சா வடிவா இருக்கும் எண்டு நினைக்கிறன். ஆனா கொண்டு வந்தாச் சுருங்கிப் போகுது.
*ஒரு தம்பி, திருக்கோவில்*

தம்பி, முதலில், நீங்களே குளத்தில் இறங்காதீங்க. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற முதலைக்கும் இடம் சுருங்குகிறது. தோணியில் போகிற மீன்காரரிடம் சொன்னால் காம்போடு வெட்டிக்கொண்டு வந்து தருவார்.

இனிப் பூவின் நேரத்தைப் பாருங்க. நீல அல்லி, 1986இல் நம் நாட்டின் தேசிய மலராக அறிவித்தார்களே, அது காலையில் விரிந்து பின்னேரம் மூடுகிற பூ. ராச்சாப்பாட்டுக்கு அதை வைத்தால் மொட்டைத்தான் பார்ப்பீர்கள். இரவில் விரிகிற வெள்ளை அல்லியும் செவ்வல்லியும்தான் உங்களுக்கு. பொழுது பட்ட பிறகு விரிந்து அடுத்த நாள் வெயில் ஏறுமட்டும் நிற்கும். நீலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு வழி உண்டு: காலையில் முழுக்க விரிந்திருக்கும்போது, இதழ்கள் பூவோடு சேர்கிற அடியில் உருகின மெழுகுதிரி மெழுகைத் துளித்துளியாகச் சொட்டிவிடுங்க. மெழுகு இறுகினால் இதழ் மூட முடியாது. பாவம்தான், ஆனால் பலிக்கும்.

தாமரையை மொட்டாக வெட்டினால் அநேகமானவை தானாக விரியாது. விகாரை வாசல்களில் விற்கிறவர்கள் செய்கிறதைப் பார்த்திருப்பீர்கள். மொட்டைக் காம்போடு இடது கையில் பிடித்து, வலது உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்க; வெளி இதழ்கள் இளகும். வெளியில் உள்ள இதழிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் நுனியையும் உள்பக்கமாக மடித்து அடிக்குள் செருகுங்க. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. விரல் நகம் பட்டால் அந்த இடம் பழுப்பாகும், ஆகவே விரலின் சதையால்தான் மடிக்க வேண்டும். நடுவில் மஞ்சள் பொகுட்டுத் தெரிகிற அளவில் நிறுத்துங்க. முதல் பூவில் இதழ் கிழியும், மூன்றாவதில் கை பழகும். மடித்தவற்றை அகலமான மண்சட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, விருந்தாளிகள் வருகிற வரைக்கும் ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்க.

இரவு வெளிச்சத்துக்கு நிறக் கணக்கு வேறு. வெளிச்சம் மங்க மங்கச் சிவப்புத்தான் முதலில் கறுத்துப் போகும். வெள்ளையும் இளமஞ்சளும் கடைசிவரை தெரியும். அதற்காக வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ, வெள்ளை மெழுகுதிரி என்று போய்விடாதீங்க. வருகிறவர் செத்தவீட்டுக்கு வந்தோமோ என்று நினைப்பார். பூவை வட்ட வளையமாகக் கட்டி நடுவில் வைக்கிறதும் மலர்வளையம் மாதிரித்தான் இருக்கும். வாழையிலையை மேசை நீளத்துக்கு விரித்து அதன் மேல் சட்டிகளை வையுங்க. பச்சையின் மேல் வெள்ளை எழும்பி நிற்கும். செவ்வரத்தையும் வேண்டுமென்றால் காலையில் நன்றாக விரிந்ததைப் பறித்து, மூடியுள்ள பெட்டியில் போட்டு பிரிஜ்ஜில் வைத்து, விருந்தாளிகள் படலையைத் திறக்கிற நேரம் எடுங்க. குளிரில் கிடந்த பூ ராவிலும் கொஞ்ச நேரம் விரிந்து நிற்கும்.

விருந்து முடிந்ததும் சட்டித் தண்ணீரை அன்றைக்கே ஊற்றிவிடுங்க. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். டெங்குக்கு நாமே சட்டி வைத்துக் கொடுக்கத் தேவையில்லை.

கமுகம்பாளையை விரிச்சு மேசை நடுவில வைக்க ஆசை. மாமி, அது கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உள்ள சாமான், சாப்பாட்டு மேசையில வைக்கக் கூடா எண்டு சொல்றா. சரியா?
*மருமகள், மண்டூர்*

பாளை வடிவுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு மடை வைத்துப் பழகின கை உங்கள் மாமியுடையது. கும்பத்தோடு பார்த்த பாளையை நண்டுக்கறிக்குப் பக்கத்தில் பார்க்க அவவுக்கு மனம் ஒப்பாது. சரி பிழை விசாரிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. அது அவவுடைய வீடும்தான். வாசல் திண்ணையில், வெற்றிலை வட்டாவுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்க. களுதாவளை வெற்றிலை அடுக்கின வட்டாவும் பாளையும் சேர்ந்தால் வருகிறவர்களை வரவேற்க அதுவே போதும். மாமி ஒப்புக்கொள்ளுவா என்றுதான் நினைக்கிறேன், கேட்கிறபடி கேட்டால்.

நீல நிறத்தில் ஒரு பூத் தண்ணி குடித்தோம், தேசிக்காய் விட்டதும் ஊதாவாக மாறியது. என்ன மருந்து கலக்கிறார்கள்?
*வாசகி, அக்கரைப்பற்று*

மருந்து ஒன்றும் இல்லை, வேலியில் படர்கிற சங்குப்பூ. அதிலுள்ள நிறம் புளி பட்டால் ஊதாவாகும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து பூவின் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு கிளாஸ் கொதிதண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவிட்டு வடியுங்க. ஆறவிட்டுச் சீனியோ தேனோ சேருங்க. பூவுக்குத் தனியே ருசி பெரிதாக இல்லை, ஆகவே கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடலாம். தேசிக்காயைக் குசினியில் விடாதீங்க. நீலத் தண்ணியைக் கிளாஸில் ஊற்றி, தேசிக்காய்த் துண்டைப் பக்கத்தில் வைத்து மேசைக்கு அனுப்புங்க. அவரவர் பிழிந்து நிறம் மாறுகிறதைப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு, பெரியவர்களுக்கும்தான். கொதித்தாறின தண்ணீரில் ஒவ்வொரு பூவாகப் போட்டு ஐஸ் கட்டி செய்தால் வெயிலுக்கு இன்னும் வாசி.

டீச்சர், நாங்க நாலு பெடியன்மார் வாடகை அறையில இருக்கம். சனிக்கிழமை கூட்டாளிமார் நண்டு தின்ன வாறானுகள். பிளாஸ்டிக் மேசை ஒண்டுதான் கிடக்கு. எங்களுக்கும் பூ வேணுமா?
*ஒரு மனே, கல்முனை*

வேண்டாம் மனே. நண்டுக்கு இரண்டு கையும் வேண்டும், மேசை முழுக்கவும் வேண்டும். பழைய பேப்பரை இரண்டு மடிப்பாக விரித்து, கறிச்சட்டியை அப்படியே நடுவில் வையுங்க. ஓடு போட ஒரு வாளி, கை துடைக்க ஈரத்துணி, வெட்டின தேசிக்காய். ஆசைக்குப் பக்கத்து வீட்டு மதிலில் கேட்டு ஒரு செவ்வரத்தை பிடுங்கி, தண்ணீர்க் குழாயடியில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வையுங்க. கேட்டுப் பிடுங்குங்க.